"வண்டிதான் ஓட்டினான் சார்"

"என் பையன் வண்டிதான் ஓட்டினான் சார், சங்கிலியைத் தொடவே இல்லை." வழிப்பறி வழக்கில் பிள்ளை சிக்கியதும் பெற்றோர் என் வக்கீல் அலுவலகத்தில் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான். அடுத்தது, "ரெண்டு பவுன்தானே, திருப்பிக் கொடுத்துடறோம்." இரண்டுமே பெரிதாக எடுபடாது.

திருட்டுக்கும் வழிப்பறிக்கும் வித்தியாசம் பவுன் கணக்கில் இல்லை. பொருளை எடுக்கவோ கொண்டுபோகவோ அடித்தார்களா, மிரட்டினார்களா, நகரவிடாமல் பிடித்தார்களா என்பதுதான் கேள்வி. 2024 ஜூலை 1 முதல் நடந்த குற்றமென்றால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 309-வது பிரிவு. நாங்கள் இன்னும் வாய்தவறி பழைய சட்டத்தின் 392 என்போம். வெறும் பறிப்பு என்றால் 304-வது பிரிவு, அதிகபட்சம் 3 ஆண்டு. வழிப்பறி என்றால் 10 ஆண்டு வரை கடுங்காவல். நெடுஞ்சாலையில், சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நடந்தால் 14. வேண்டுமென்றே காயப்படுத்தியிருந்தால் ஆயுள் வரை போகும். சங்கிலி அறுந்ததில் கழுத்தில் விழுந்த கீறல் அப்படிப்பட்ட காயமா என்று வாதாடியே வாய்தாக்கள் கழியும்.

இன்னொரு நுணுக்கம். செல்போனைத் திருடி ஓடுகிறவன், துரத்துபவர் மீது கல்லெறிகிறான். போனைக் காப்பாற்றிக்கொள்ள எறிந்தால் அந்த நொடியே அது வழிப்பறி. போனைப் போட்டுவிட்டு, தப்பித்தால் போதும் என்று எறிந்தால் திருட்டும் காயமும் தனித்தனிக் குற்றங்கள். அதனால்தான் போன் எங்கே, எப்போது விழுந்தது என்று சாட்சியைத் துருவித் துருவிக் கேட்கிறோம்.

சரி, வண்டி ஓட்டியவன்? திட்டம் தெரிந்தே ஓட்டினான் என்று நிரூபித்தால், பறித்தவனுக்கு உள்ள பொறுப்பு அவனுக்கும் உண்டு. கொடிய ஆயுதம் பயன்படுத்தினால் 311-வது பிரிவில் குறைந்தது 7 ஆண்டு. குத்த வேண்டாம், காட்டி மிரட்டினாலே போதும். ஆனால் அந்தக் குறைந்தபட்சத் தண்டனை ஆயுதத்தைப் பயன்படுத்தியவனுக்கு மட்டும்தான் என்று 1975-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐந்து பேராகச் சேர்ந்து செய்தால் அது கூட்டுக்கொள்ளை. ஐவருக்குமே ஆயுள் வரை வாய்ப்பு உண்டு.

திருட்டு வழக்கைப் பொருளின் சொந்தக்காரர் நினைத்தால் சமரசமாக முடிக்கலாம். சமரசம் செய்யக்கூடிய குற்றங்களின் பட்டியலில் வழிப்பறி இல்லை. ஜாமீனும் உரிமையாகக் கிடைக்காது, நீதிமன்றம்தான் முடிவு செய்யும். பழைய வழக்குகளும் இருந்தால் தமிழ்நாட்டில் தடுப்புக் காவலுக்கான குண்டர் சட்டம் பாய்ந்து ஓராண்டு வரை உள்ளே இருக்க நேரலாம்.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது. ஆனால் "நகையை இங்கே புதைத்தேன்" என்று சொல்லி, அங்கே நகை கிடைத்தால் அந்தப் பகுதி மட்டும் ஏற்கப்படும். அப்புறம் அடையாள அணிவகுப்பு, அதாவது வரிசையில் நிற்பவர்களில் குற்றவாளி யார் என்று சாட்சி காட்டுவது. அதற்கு முன்பே பையனின் போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றியிருந்தால், சாட்சிக்குக் காட்டியிருந்தால், அணிவகுப்பு நடத்தும் மாஜிஸ்திரேட்டிடம் அங்கேயே சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நீதிமன்ற விசாரணை வரை காத்திருந்து சொன்னால், "அப்போது ஏன் சொல்லவில்லை?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.