ஐயா எப்போது வருவார்?

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வளவு என்கிற முற்றப்பகுதி நிறைந்துவிடும். கேதம் கேட்க வருவோர், அழுகை, நடுவே கிடத்தியிருக்கும் உடல் என எல்லாவற்றையும் சிறுபிள்ளை தூணோரம் நின்று பார்க்கும். 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியதும் இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடக்கூடாது என்றார்கள். கொரோனாவில் இறந்த பலரின் உடல் வீட்டுக்கே வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன ஐயா, அதாவது தாத்தா, திரும்பவில்லை. பிள்ளைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

சாவைக் குழந்தைகள் துண்டு துண்டாகத்தான் புரிந்துகொள்கிறார்கள். இறந்தவர் திரும்ப மாட்டார். அந்த உடலுக்குப் பசியும் வலியும் இல்லை. எல்லோருக்கும் இது ஒருநாள் நேரும். இதற்கு உடல் சார்ந்த காரணம் உண்டு. இவை பெரும்பாலும் 5 முதல் 7 வயதுக்குள் ஒவ்வொன்றாகப் பிடிபடும், சிலருக்கு இன்னும் தாமதமாக. அதனால்தான் நான்கு வயதுப் பிள்ளை செய்தியைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, "சரி, சாயங்காலம் வருவாரா?" என்கிறது. "தூங்குகிறார்" என்று சொல்லிவைத்தால் அன்றிரவு தூங்கவே அஞ்சும்.

இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. இந்த வயதில் தன் நினைப்பும் சொல்லுமே உலகத்தை நடத்துவதாகப் பிள்ளை நம்பும். ஐயாவிடம் காய் விட்ட மறுநாள் அவர் நோயில் விழுந்தால், தானே காரணம் என்று நினைக்கும். அந்த நாட்களில் நாமும், "கை கழுவு, இல்லாவிட்டால் ஐயாவுக்கு வந்துவிடும்" என்று ஓயாமல் சொன்னோம். எச்சரிக்கை சரிதான். ஆனால் அவர் இறந்தபின் அதே வாக்கியம் பிள்ளைக்குள் குற்றச்சாட்டாகிவிடுகிறது. அதை வாய்விட்டுச் சொல்லாது. வயிற்றுவலி, படுக்கையில் சிறுநீர், அம்மாவின் முந்தானையை விடாத பிடி என்று வெளிப்படும்.

ஐந்து நிமிடம் அழுதுவிட்டுப் பல்லாங்குழிக்கு ஓடினால் கடிந்துகொள்ளாதீர்கள். தாங்கக்கூடிய அளவு துயரத்தைத் தொட்டுவிட்டு விலகி இளைப்பாறுவது குழந்தை மனத்தின் இயல்பு.

"ஐயா இறந்துவிட்டார். நோயால் அவருடைய நுரையீரல் நின்றுவிட்டது. இனி வரமாட்டார். நோய் யார் மூலம் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. உன்மேல் தப்பில்லை." இப்படி நேராகவே சொல்ல வேண்டும். சொல்லும்போது அம்மா அழுதால் அழட்டும். அழலாம் என்று பிள்ளைக்குத் தெரியும். அன்று தவறிப்போன விடைபெறலைப் பின்னாலும் செய்யலாம். முன்னோருக்குத் துணியும் உணவும் வைத்து வணங்கும் படைப்பு நாளில், ஐயாவின் பெயரைச் சொல்லி அவர் கதையைப் பிள்ளையிடம் பேசலாம். மாதக்கணக்கில் தூக்கமும் விளையாட்டும் திரும்பாவிட்டால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை அழையுங்கள்.

பிள்ளை மறுபடி, "ஐயா எப்போது வருவார்?" என்று கேட்கும். அதே சொற்களில் மறுபடி சொல்லுங்கள்.