'பக்' என்பதற்குத் தமிழில் 'வழு'

மென்பொருள் எழுதுவோர், நிரலில் (கணினிக்கு இடும் கட்டளைத் தொகுப்பில்) உள்ள தவறைக் குறிக்க நாள்தோறும் சொல்லும் 'பக்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ப்பொருள் பூச்சி என்பதாகும். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு மார்க் 2 கணினியின் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் இணைப்புச் சாவி) ஒன்றில் சிக்கியிருந்த அந்துப்பூச்சியை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டி வைத்தார்கள். இச்சொல் அதிலிருந்தே பிறந்தது என்பர் பலர். அது சரியன்று. கருவிகளில் தோன்றும் கோளாறுகளை எடிசன் 1878-ஆம் ஆண்டுக் கடிதத்திலேயே இச்சொல்லால் குறித்திருக்கிறார். அந்தப் பதிவேட்டிலும், 'பக்' ஒன்று மெய்யாகவே அகப்பட்டது இதுவே முதல் முறை என்றுதான் எழுதியுள்ளனர்.

இதற்குத் தமிழில் 'வழு' என்பதே பொருத்தமான சொல். வழுவுதல் என்றால் நழுவுதல், தவறுதல். மழை விட்ட காலையில் கோத்தகிரித் தேயிலைச் சரிவில் இறங்குபவர் பத்து அடிகளை உறுதியாக வைத்துவிட்டுப் பதினோராவது அடியில் வழுக்குவார். நிரலும் அவ்வாறே வழுவுகிறது. இங்குள்ள தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்காக நான் எழுதிய பச்சைத் தேயிலைக் கணக்கு நிரல், 30 நாட்கள் கொண்ட மாதங்களில் சரியாகக் கூட்டியது. 31-ஆம் தேதியின் எடையை மட்டும் விட்டுவிட்டது. 'சிறியது அல்லது சமம்' என்னும் குறி வரவேண்டிய இடத்தில் 'சிறியது' என்று நான் இட்டிருந்தேன். கணினி எந்தப் பிழைச்செய்தியும் காட்டவில்லை. சிறு விவசாயி ஒருவர் தம் ரசீதுகளைக் கூட்டிப் பார்த்தே கண்டுபிடித்தார். ஆகவே, 'பிழை' என்பதை 'எரர்' என்பதற்கு வைத்துக்கொண்டு, இத்தகைய ஓசையற்ற தவறை 'வழு' என்பதே நல்லது.

பூச்சி தானாகப் பறந்து வந்து அமர்வது; வழுவோ எழுதியவர் கையால் நேர்வது. கணினி அறிஞர் டைக்ஸ்ட்ராவும் 1988-இல் இதே காரணத்துக்காக 'பக்' என்னும் சொல்லைக் கைவிடச் சொன்னார்.

'டீபக்' செய்வது வழுநீக்கம். அதற்கான கருவி வழுநீக்கி. நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகை வழுக்களைச் சொல்வதோடு, தக்க காரணத்தால் ஏற்கப்படும் வழுவை 'வழுவமைதி' என்று தனியே பிரிக்கிறது. பசுவை அன்பினால் 'என் அம்மை வந்தாள்' என்பது அவ்வகை. எங்கள் நிரலில் ரசீது எண் 1-க்குப் பதிலாக 0-இல் தொடங்குகிறது. அதைத் திருத்தினால் முன்பு வழங்கிய ரசீதுகளோடு கணக்கு ஒத்துப்போகாது என்பதால், அந்த வரியின் மேல் 'வழுவமைதி' என்றே குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.