ஆபீஸில் தங்கமானவர்

கணவன், மனைவி, கணவரின் அண்ணன் என்று மூன்று பேர் என்னிடம் தம்பதி ஆலோசனைக்கு வந்தார்கள். மனைவி வாயைத் திறப்பதற்குள் அண்ணன் ஆரம்பித்துவிட்டார். "மேடம், இவன் கம்பெனியில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஒருத்தரிடம் இவன் குரலை உயர்த்தினது கிடையாது." மிச்சத்தை அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. வெளியில் இவ்வளவு நல்லவன் வீட்டில் மட்டும் கத்துகிறான் என்றால், கோளாறு யாரிடம் இருக்கும்?

இந்த நற்சான்றிதழை வாங்கி வாங்கி எனக்கு அலுத்துவிட்டது. ஒருமுறை விளக்கமாக எழுதிவிடுகிறேன், அடுத்து வருபவர்கள் படித்துவிட்டு வரட்டும்.

மனைவி தரப்பில் சொல்வதும் கிட்டத்தட்ட இதே தவறுதான். "வெளியில் நடிக்கிறார் மேடம், வீட்டில் நாங்கள் பார்ப்பதுதான் அவருடைய உண்மையான முகம்." இரண்டு தரப்பும் ஒரு மனிதருக்கு ஒரே ஒரு நிஜ குணம்தான் இருக்க முடியும் என்று நினைக்கின்றன. எந்த இடத்தில் இருப்பது நிஜம் என்பதில்தான் சண்டை. அப்படி ஒன்றைத் தேடாதீர்கள். உளவியலாளர் வால்டர் மிஷல் 1968லேயே இந்த எண்ணத்தைக் கேள்விக்கு உட்படுத்தினார். ஒரு சூழலில் ஒருவர் நடந்துகொள்ளும் விதத்தை வைத்து இன்னொரு சூழலில் எப்படி நடப்பார் என்று கணிப்பது, நாம் நினைக்கும் அளவுக்குச் சரியாக வருவதில்லை என்றார். பின்னாளில் அவரும் யூச்சி ஷோடா முதலிய சக ஆய்வாளர்களும் ஒரு கோடைக்கால முகாமில் சிறுவர்களைக் கவனித்தார்கள். சக பிள்ளை சீண்டினால் சண்டைக்குப் போகும் ஒருவன், பெரியவர் அதட்டினால் அடங்கிவிடுவான். இன்னொருவன் இதற்கு நேர்மாறு. இருவரையும் 'முரட்டுப் பையன்' என்று ஒரே பெயரில் அடைத்தால் இருவரையுமே புரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். யாரிடம், எப்போது, எது நடந்தால் இவர் இப்படி ஆகிறார் என்ற கோலம்தான் அந்த மனிதரின் குணம். ஆபீஸும் அவர்தான், வீடும் அவர்தான்.

அண்ணன் அழைத்து வந்தவரையே பாருங்கள் (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்). உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். எதுவும் பிசகாமல் இருக்க வேண்டும் என்பது அவர் இயல்பு. அங்கே அதற்குச் சம்பளமும் பாராட்டும் கிடைக்கின்றன. அதே ஆள் வீட்டுக்கு வந்தால், அஞ்சறைப் பெட்டியில் கடுகும் சீரகமும் இடம் மாறியிருப்பது கண்ணில் படுகிறது. மளிகைச் சீட்டில் சிவப்புப் பேனாவால் டிக் அடிக்கிறார். மகளின் வீட்டுப்பாடத்தில் வரி கோணியிருந்தால் அந்தத் தாளைக் கிழித்து மறுபடி எழுத வைக்கிறார். தொழிற்சாலையில் ஒவ்வொரு பாகத்தின் வரைபடத்திலும் இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று 'டாலரன்ஸ்' அச்சிட்டிருக்கும். வீட்டில் அந்த எண்ணை யாரும் எழுதித் தரவில்லை, இவர் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டார். அங்கே தேறாத பாகத்தைச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கலாம். மகளை எந்தப் பெட்டியில் போடுவது?

எல்லோருக்கும் இப்படிக் கத்தலாகத்தான் வெளிப்படும் என்றில்லை. நாளெல்லாம் வகுப்பில் பேசித் தீர்த்த ஆசிரியர் மாலையில் ஊமையாகிவிடுவார். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத குமாஸ்தா, அத்தனை 'இல்லை'களையும் வீட்டில் சொல்வார். இருபது பேரை வேலை வாங்கும் பெண், மாமியார் எதிரே தன் மருந்துக்குப் பணம் கேட்கத் தயங்குவார். அவரைப் பற்றியும் "ஆபீஸில் அவ்வளவு தைரியமாக இருக்கிறாளே, இங்கே மட்டும் என்ன நாடகம்?" என்றுதான் கேட்கிறார்கள்.

அமைதியைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். உளவியலாளர் ரெனா ரெபெட்டி 1989இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களைப் பற்றியது. வேலைப் பளு கூடிய நாட்களில் அவர்கள் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். அது வெறுப்பல்ல. களைத்து வருபவரை வாசலிலேயே நிறுத்தி கேஸ் சிலிண்டர் பற்றியும் ஸ்கூல் பீஸ் பற்றியும் கேட்காதீர்கள், அரை மணி நேரம் விடுங்கள். களைத்து வருபவரே, அரை மணி என்றால் அரை மணிதான். போனோடு பத்து மணி வரை உட்கார்ந்திருப்பது அதில் சேராது. மனைவியும் வேலையிலிருந்துதான் வருகிறார் என்றால் அவருடைய அரை மணி எங்கே?

அடுத்தது, "கோபம் வந்தால் என்னையே கட்டுப்படுத்த முடியவில்லை" என்ற வசனம். மேனேஜர் எல்லோர் முன்னிலையிலும் திட்டியபோது என்ன செய்தீர்கள் என்று கேட்பேன். சிரித்தேன், சாரி சொன்னேன் என்பார்கள். அப்படியானால் கட்டுப்படுத்த முடிகிறது. அங்கே வேலை போய்விடும் என்பதால் அடக்குகிறீர்கள், இங்கே யாரும் போகமாட்டார்கள் என்ற தைரியத்தில் விடுகிறீர்கள். கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனால் சிகிச்சைக்கு இது நல்ல செய்தி. இல்லாத திறமையை நான் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உங்கள் குணத்தை நான்கு எழுத்தில் சொல்லி ஹெச்ஆர் கொடுத்த எம்பிடிஐ (MBTI) தேர்வின் பிரிண்ட் அவுட்டையும் தயவுசெய்து கொண்டுவராதீர்கள். கேத்தரின் பிரிக்ஸ், இசபெல் மையர்ஸ் என்ற தாயும் மகளும் உருவாக்கிய தேர்வு அது. இருவருமே உளவியல் படித்துப் பட்டம் பெற்றவர்கள் அல்ல. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானவர்களுக்கு ஓர் எழுத்தாவது மாறிவிடுகிறது. அதைக் காட்டி "நான் இந்த டைப் மேடம், உணர்ச்சியெல்லாம் காட்ட வராது" என்று மனைவி முன்னால் சொல்லாதீர்கள்.

என்னதான் செய்வது? 'அவர் எப்படிப்பட்டவர்' என்பதை விட்டுவிட்டு, எப்போது அப்படி ஆகிறார் என்று ஒரு வாரம் குறித்துவாருங்கள். நேரம், யார் இருந்தார்கள், அதற்கு முன் என்ன நடந்தது, இவ்வளவு போதும். எனக்கு அந்தத் தாள் பத்துச் சான்றிதழுக்குச் சமம். வீட்டு விஷயங்களில் எது பிசகினால் பரவாயில்லை என்று உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். பரிசோதகருக்கு நான் முதலில் கொடுத்த வேலையும் அதுதான், அவரே கட்டம் போட்டு எழுதி வந்தார். சொந்தக்காரர்களே, தம்பிக்குப் பரிந்து பேச வராதீர்கள். வந்தால் வெளியே நாற்காலி போட்டிருக்கிறது.

கடைசியாக, கை ஓங்குவது, மிரட்டுவது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, நாள்தோறும் கேவலப்படுத்துவது எல்லாம் குணவகை ஆகாது. இவை 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்துக்குள் வருபவை. அங்கே தம்பதி ஆலோசனைக்கு முன்னால் பாதுகாப்பு வேண்டும், பெண்கள் 181 என்ற உதவி எண்ணுக்கு அழைக்கலாம். மனம் தாங்காமல் தவிக்கும் யாரும், கத்துகிறவரும்கூட, அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.