ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்று வந்தால்

"டிரெட்மில் டெஸ்ட் பாசிட்டிவ்னுதானே சார் வந்திருக்கு, அதான் அப்பாவை மறுபடி கூட்டிட்டு வரல" என்றார் ஒரு மகன். மாடிப்படி ஏறும்போதெல்லாம் நெஞ்சை அழுத்துகிறது என்று சொன்னதால்தான் அவருடைய தந்தைக்கு அந்தச் சோதனையை எழுதிக் கொடுத்திருந்தேன். ஓடும் பட்டையில் நடக்கும்போது, இதயத் தசைக்கு ரத்தம் போதவில்லை என்பதைக் காட்டும் மாற்றங்கள் இசிஜியில் தென்பட்டால் அந்தச் சோதனையைப் பாசிட்டிவ் என்று எழுதுவார்கள். 'பாசிட்டிவாக இரு', 'பாசிட்டிவ் எனர்ஜி' என்று தினமும் கேட்டுப் பழகிய பொருளிலேயே அந்த மகன் ரிப்போர்ட்டையும் படித்துவிட்டார். உடனே வந்திருக்க வேண்டிய நோயாளி வீட்டிலேயே இருந்துவிட்டார்.

மருத்துவச் சோதனையில் பாசிட்டிவ் என்றால் தேடியது கிடைத்தது. நெகட்டிவ் என்றால் தேடியது கிடைக்கவில்லை. அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்பது எதைத் தேடினோம் என்பதைப் பொறுத்தது. 2020க்குப் பிறகு கொரோனா புண்ணியத்தில் 'பாசிட்டிவ் என்றாலே நோய்' என்ற எதிர்ப்பக்கத்துப் பழக்கமும் வீடுகளுக்குள் வந்துவிட்டது. அதுவும் பாதிதான் சரி.

ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் அழற்சி நோய்க்கான சோதனைகளில் இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போகிறது. ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்றால் வைரஸின் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இருக்கிறது, அதாவது கிருமி உடலில் இருக்கிறது என்று பொருள். ஆறு மாதங்களுக்கு மேலும் அது நீடித்தால் நாட்பட்ட தொற்றாகக் கருதி, வைரஸின் அளவையும் கல்லீரலின் நிலையையும் தொடர்ந்து பார்த்து வர வேண்டும். ஆன்டி-ஹெச்பிஎஸ் பாசிட்டிவ் என்பது இதற்கு நேர் எதிரானது. அந்தப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பாற்றல் உருவாகியிருக்கிறது என்று அது சொல்கிறது. தடுப்பூசியின் தவணைகளை முடித்த ஒருவருக்கு இந்த அளவு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட்டும் அதற்கு மேலும் இருந்தால் பாதுகாப்புக் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறோம். நர்சிங் படிப்பில் சேர்ந்த ஒரு மாணவியின் தாயார் இந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, மகளுக்குத் தீராத நோய் வந்துவிட்டது என்று அழுததைப் பார்த்திருக்கிறேன். தடுப்பூசி வேலை செய்திருக்கிறது என்பதற்கான சான்று அது. இரண்டின் பெயரும் ஒரே எழுத்துகளால் ஆனவை என்பதால் அவரைக் குறை சொல்வதற்கில்லை. ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரி விளக்கம் அச்சிட ஆய்வகங்களுக்கு அதிகம் செலவாகாது என்பது என் கருத்து.

கிருமி வந்து போன சுவடுக்கும் நோய்க்கும் வேறுபாடு உண்டு என்பதை காசநோய்க்கான மான்டூ சோதனை நன்றாகக் காட்டும். முன்கையில் ஊசி போட்டு, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அந்த இடத்தில் எழும் தடிப்பை அளக்கிறார்கள். சுற்றியுள்ள சிவப்பை அளக்கக் கூடாது. நம் ஊரில் பொதுவாக 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் பாசிட்டிவ். காசநோய்க் கிருமி எப்போதோ உடலுக்குள் வந்திருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். இப்போது நோய் இருக்கிறதா என்பதை நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும்தான் சொல்ல வேண்டும். வைடால் சோதனையும் இப்படித்தான்: பழைய டைபாய்டோ தடுப்பூசியோகூட அதைப் பாசிட்டிவாக்கும். இரண்டு நாள் காய்ச்சலுக்கு வைடாலை மட்டும் நம்பி ஆன்டிபயாடிக் தொடங்குவதை நான் ஏற்பதில்லை. ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே ரத்தத்தை எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சர் அதைவிட நம்பகமானது.

இல்லாததை இருப்பதாகக் காட்டும் பாசிட்டிவும் உண்டு. ஆயிரம் பேரில் ஒருவருக்கு மட்டுமே இருக்கும் ஒரு நோய்க்கு, நோயில்லாத நூறு பேரில் ஒருவருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும் சோதனையை அந்த ஆயிரம் பேருக்கும் செய்வதாக வைத்துக்கொள்வோம். நோயுள்ள ஒருவரோடு, நோயில்லாத சுமார் பத்துப் பேருக்கும் பாசிட்டிவ் வரும். எச்ஐவி தொற்றை ஒரே சோதனையை வைத்து உறுதி செய்யாமல், வெவ்வேறு வகையான மூன்று சோதனைகளிலும் பாசிட்டிவ் வந்த பிறகே உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் இந்தச் சோதனையும் ஆலோசனையும் இலவசம். முடிவு ரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டுச் சட்டம்.

நெகட்டிவையும் தேதி பார்த்துத்தான் படிக்க வேண்டும். டெங்குவுக்கான என்எஸ்1 சோதனை காய்ச்சலின் முதல் சில நாள்களில்தான் நன்றாகப் பேசும். ஏழாம் நாளில் செய்து நெகட்டிவ் வந்தால் டெங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது. எச்ஐவியிலும் தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் சோதனை நெகட்டிவாகவே இருக்கக்கூடும். மார்பகப் புற்றுநோயில் 'டிரிபிள் நெகட்டிவ்' என்று படித்துவிட்டு நிம்மதியடைகிறவர்கள் உண்டு; ஹார்மோன் ஏற்பிகள் இரண்டும் ஹெர்2 புரதமும் அந்தக் கட்டியில் இல்லை என்பதால், அவற்றைக் குறிவைக்கும் மருந்துகள் அங்கே பயன்படாது என்பதே அதன் பொருள். ஈஆர் பாசிட்டிவ், அதாவது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் ஏற்பி கட்டியில் இருக்கிறது என்று வந்தவருக்கோ டமாக்ஸிஃபென் போன்ற மாத்திரைகளுக்கு வழி திறக்கிறது.

ரத்தப் பிரிவோடு ஒட்டி வரும் பாசிட்டிவுக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை. சிவப்பணுவின் மேல் 'டி' என்னும் புரதம் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ், இரண்டுமே இயல்புதான். நெகட்டிவ் பிரிவுத் தாயின் வயிற்றில் பாசிட்டிவ் பிரிவுக் குழந்தை இருக்கும்போதுதான் கவனம் வேண்டும். குழந்தையின் ரத்தம் தாயின் ரத்தத்தோடு கலந்தால் அதற்கு எதிரான பொருள்கள் தாயிடம் உருவாகி, பெரும்பாலும் அடுத்த குழந்தையைத் தாக்குகின்றன. இதைத் தடுக்க 28ஆவது வாரத்தை ஒட்டியும், பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள்ளும் ஆன்டி-டி ஊசி போடுகிறோம். கரு கலைந்தாலும் இந்த ஊசி தேவைப்படலாம் என்பது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை; கரு கலைந்த அன்றே மருத்துவரிடம் ரத்தப் பிரிவைச் சொல்லிவிட வேண்டும். ஊசிக்கு முன்பு தாய்க்குச் செய்யும் இன்டைரக்ட் கூம்ப்ஸ் சோதனை நெகட்டிவாக இருக்க வேண்டும். 'டி'க்கு எதிரான பொருள்கள் ஏற்கெனவே உருவாகி அது பாசிட்டிவாகியிருந்தால் இந்த ஊசியால் பயனில்லை. கர்ப்பம் முழுவதும் ஸ்கேன் மூலம் கருவுக்கு ரத்தசோகை வருகிறதா என்று கண்காணிக்க வேண்டியிருக்கும்.