சி++க்கும் லுவாவுக்கும் இடையே ஸ்ட்ரிங் கைமாறும் இடம்

ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993-இல் உருவான லுவா, தொடக்கத்திலிருந்தே வேறொரு நிரலுக்குள் இருந்து வேலை செய்வதற்கென்று வடிவமைக்கப்பட்ட மொழி. விளையாட்டுகள், ரெடிஸ் என்ற தரவுத்தளம், பில் போடும் மென்பொருள் என்று பல இடங்களில் அது உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட நிரல்களை ரிவ்யூ செய்யும்போது ஒரே இடத்தில்தான் திரும்பத் திரும்பப் பிழை கண்ணில் படுகிறது. ஸ்ட்ரிங், அதாவது எழுத்துத் தொடர், சி++இலிருந்து லுவாவுக்கோ லுவாவிலிருந்து சி++க்கோ போகும் அந்த இரண்டு மூன்று வரிகள்தான் அந்த இடம்.

லுவாவிலிருந்து ஸ்ட்ரிங்கை வாங்கும் லுவா_டுஸ்ட்ரிங் ஃபங்ஷன் தரும் பாயின்டர் (மெமரி முகவரி) நமக்குச் சொந்தமில்லை. லுவாவின் மெமரியில் இருக்கும் பைட்டுகளைத்தான் அது காட்டுகிறது. அந்த மதிப்பு ஸ்டாக்கில், அதாவது இரு மொழிகளும் மதிப்புகளைக் கைமாற்றும் அடுக்கில், இருக்கும்வரை பயமில்லை. பாப் செய்தபின் (அடுக்கிலிருந்து நீக்கியபின்) வேறெங்கும் அது பயன்பாட்டில் இல்லையென்றால், பயன்படாத மெமரியைத் துப்புரவு செய்யும் கார்பேஜ் கலெக்டர் எப்போது வேண்டுமானாலும் அந்த இடத்தை விடுவித்துவிடலாம். சோதனையில் இது பெரும்பாலும் வெளியே வராது. சின்ன ஸ்கிரிப்ட் என்றால் கலெக்டர் ஒரு சுற்று முடிப்பதற்குள் நிரலே முடிந்துவிடும். கடையில் நாள் முழுக்க ஓடும்போதுதான் திடீரென்று கிராஷ் ஆகும். இந்தப் பாயின்டரையோ, நகலெடுக்காமல் அதே பைட்டுகளைக் காட்டும்படி அதன்மேல் கட்டிய ஸ்ட்ரிங்_வியூவையோ யாராவது கிளாஸுக்குள் சேமித்திருந்தால் அந்த மாற்றத்துக்கு நான் ஒப்புதல் தருவதில்லை. பாப் செய்வதற்கு முன்பே சி++இன் சொந்த ஸ்ட்ரிங்கான எஸ்டிடி::ஸ்ட்ரிங்கில் நகல் எடுத்துவிடுங்கள். நகலெடுத்தால் வேகம் குறையுமே என்பார்கள். அளந்து காட்டட்டும், அப்புறம் பேசலாம்.

நகலெடுக்கும்போது நீளத்தையும் கேட்டு வாங்குங்கள். லுவா ஸ்ட்ரிங்கின் நடுவில் பூஜ்ய பைட் இருக்கலாம். பூஜ்ய பைட்டை முடிவாகக் கொள்ளும் சி பாணியில் படித்தால் அங்கேயே வெட்டுப்படும். போகும்போது புஷ்எல்ஸ்ட்ரிங், வரும்போது டுஎல்ஸ்ட்ரிங் என்று நீளத்தையும் சேர்த்துக் கையாளும் ஃபங்ஷன்களைப் பழகிக்கொள்வது நல்லது. வந்தது ஸ்ட்ரிங்கோ எண்ணோ இல்லையென்றால் கிடைப்பது எதையும் காட்டாத நல் பாயின்டர், அதையும் சோதிக்க வேண்டும். எண்ணாக இருந்தால் ஸ்டாக்கில் உள்ள அந்த எண்ணையே லுவா ஸ்ட்ரிங்காக மாற்றிவிடும். லுவா_நெக்ஸ்ட் மூலம் ஒரு டேபிளின் (கீ-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு) ஜோடிகளை ஒவ்வொன்றாகச் சுற்றும்போது கீயின் மீது இதைச் செய்தால் அடுத்த சுற்று குழம்பிப்போகும்.

சரி, மெமரி ஒழுங்காகிவிட்டது. தமிழ் வந்ததும் அடுத்த பிரச்சினை ஆரம்பிக்கிறது.

லுவாவுக்கு எழுத்து என்ற ஒன்றே தெரியாது, அதற்கு எல்லாம் பைட்தான். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் முறையான யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (புள்ளி, கொம்பு போன்றவையும் தனித்தனிக் குறிகள்) 3 பைட். 'தமிழ்' என்பதன் நீளத்தைக் கேட்டால் 15 என்று சொல்லும். 2015-இல் வந்த லுவா 5.3-இன் யுடிஎஃப்8 நூலகம் 5 என்று சொல்லும். படிக்கிறவருக்கோ அது 3 எழுத்து.

ஒரு பில் மென்பொருளில் பெயரை 20-க்குள் அடக்க, ஸ்கிரிப்ட்டில் பைட் கணக்கில் வெட்டும் ஸ்ட்ரிங்.சப் போட்டிருந்தார்கள். ஆங்கிலப் பெயர்களுக்கு அது சரியாகவே வேலை செய்தது. முத்துலட்சுமி என்ற பெயர் 39 பைட். 20-இல் வெட்டினால் 'முத்து' வரை 18 பைட், மிச்சம் 'ல'வின் முதல் 2 பைட். பில்லில் 'முத்து' என்று அச்சாகி, பக்கத்தில் ஒரு கட்டம் நின்றது. யுடிஎஃப்8 நூலகத்தை வைத்து வெட்டினாலும் முழுத் தீர்வு இல்லை. மூன்றாவது குறியோடு நிறுத்தினால் 'முத்' என்பது புள்ளியை இழந்து 'முத' ஆகிவிடும். ஒருவருடைய பெயரை இப்படிச் சிதைத்துக் கையில் கொடுப்பதைச் சின்ன விஷயம் என்று என்னால் விட முடியவில்லை.

விண்டோஸில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அங்கே சி++ பக்கம் பெரும்பாலும் யுடிஎஃப்-16 என்ற வேறொரு குறியீட்டு முறை. அதை லுவாவுக்கு அனுப்பும்போது கணினியின் பழைய வகைக் கோட் பேஜுக்கு (குறிப்பிட்ட சில மொழிகளுக்கான எழுத்துப் பட்டியல்) மாற்றினால், தமிழுக்கென்று அப்படி ஒன்று இல்லாததால் பெயர் முழுக்கக் கேள்விக்குறிகளாகிவிடும். யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டே மாற்றுங்கள்.

வெட்டும் வேலையை ஸ்கிரிப்ட் எழுதுகிறவரிடம் விடக் கூடாது என்பது என் கருத்து. சி++ பக்கத்தில், பல மொழி எழுத்துகளைக் கையாளும் ஐசியு நூலகத்தில் எழுத்தின் எல்லைகளைக் கண்டுபிடிக்கும் பிரேக் இட்டரேட்டர் இருக்கிறது. 'தமிழ்' என்று கொடுத்தால் 3 என்று எண்ணும். அதை வைத்து ஒரு ஃபங்ஷன் எழுதி லுவாவுக்குள் பதிவு செய்துவிட்டால், ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் பைட்டைப் பற்றி யோசிக்காமல் அதையே கூப்பிடலாம்.