தற்காப்பு: சொல்லும் உரிமையும்

"அடிச்சது உண்மைதாங்க ஐயா, ஆனா அவர்தான் முதல்ல அரிவாளை ஓங்குனாரு." இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கும் வாதத்துக்குத்தான் சட்டத்தில் தற்காப்பு என்று பெயர். நீதிமன்ற வளாகத்தில் இதைப் 'பிரைவேட் டிபென்ஸ்' என்பார்கள். செய்தித்தாள் 'தற்காப்புக்காகத் தாக்கினார்' என்று எழுதும். இரண்டும் ஒன்றையே சுட்டுவதுபோல் தெரிந்தாலும், தமிழ்ச் சொல்லில் சட்டம் சொல்லாத ஒரு சுருக்கம் இருக்கிறது. ஆங்கிலச் சொல்லிலோ தமிழில் பெயர்த்தால் தவறாகப் போகும் ஒரு பகுதி இருக்கிறது.

தன் + காப்பு = தற்காப்பு. வல்லினம் வரும்போது னகரம் றகரமாகத் திரிந்தது. தற்கொலை, தற்பெருமை போல. புதிதாகக் கட்டிய கலைச்சொல் என்று பலர் நினைப்பார்கள், ஆனால் வினை வடிவம் மிகப் பழையது. 'தற்காத்துத் தற்கொண்டான் பேணித் தகைசான்ற / சொற்காத்துச் சோர்விலாள் பெண்' என்பது 56ஆம் குறள். அந்தக் குறளில் காப்பு தன்னோடு நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள்: தன்னைக் காத்து, கொண்டவனைப் பேணி, இருவரின் நற்பெயரையும் காக்கிறாள். இன்றைய சட்டத்தின் தற்காப்பும் அப்படி விரிந்ததுதான். தன் உடலை மட்டுமல்ல, பிறர் உடலையும், தன் சொத்தையும், பிறர் சொத்தையும் காக்கும் உரிமை அது. பேருந்து நிலையத்தில் முன்பின் தெரியாத ஒருவரைக் கத்தியால் குத்த வந்தவனின் கையைக் கட்டையால் அடித்து முறித்தாலும் சட்டப்படி அது 'தற்காப்பு' வகைதான். சொல்லில் உள்ள 'தன்' இதை மறைத்துவிடுகிறது.

'காப்பு' என்ற பாதிதான் சட்டத்தின் கருத்துக்கு நெருக்கம். அம்மன் கோயில் திருவிழாவில் காப்புக் கட்டுகிறோம். கட்டுவதற்கு ஒரு நாள், அவிழ்ப்பதற்கு ஒரு நாள். இடைப்பட்ட காலம் வரைதான் அதன் செல்வாக்கு. தற்காப்பு உரிமையும் ஆபத்து வந்தவுடன் கட்டப்பட்டு, ஆபத்து நீங்கியவுடன் அவிழ்ந்துவிடுகிறது. இந்த வாதத்தை எடுக்கும் வழக்குகள் பலவும் தோற்பது இந்த அவிழ்க்கும் நேரத்தில்தான். அதைக் கீழே பார்ப்போம்.

ஆங்கிலச் சொல்லின் கதை வேறு. 'டிபென்ஸ்' லத்தீன் வினையிலிருந்து வந்தது. தாக்க வருவதைத் தள்ளி விலக்குதல் என்பது வேர்ப்பொருள். பழைய இங்கிலாந்தில் தன்னைக் காக்கக் கொன்றவன் நிரபராதி அல்ல. 1278ஆம் ஆண்டின் குளோஸ்டர் சட்டப்படி அவன் அரசரிடம் மன்னிப்புப் பெறவேண்டும். உயிர் தப்பினாலும் உடைமைகள் பறிபோகும். அந்தப் பறிமுதல் 1828இல்தான் ஒழிந்தது. மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் இந்தியாவுக்குத் தண்டனைச் சட்ட வரைவு எழுதியபோது இந்த மன்னிப்புக் கதையை உதறிவிட்டு, இதை உரிமையாகவே வைத்தது. 1860இல் நிறைவேறி 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையான பிரிவுகள் இதற்கானவை. மலேசியா, சிங்கப்பூர் சட்டங்களிலும் இதே எண்கள்தான். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 34 முதல் 44 வரை. எண் மாறியது, உள்ளடக்கம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

சரி, 'பிரைவேட்' எதற்கு? அரசு செய்யவேண்டிய காவல் வேலையை, அரசு வந்து சேர நேரமில்லாத அந்த நிமிடத்தில் குடிமகன் தானே செய்கிறான் என்பதற்காக. அரசின் காவலுக்கு எதிர்ச்சொல்லாக வந்த 'பிரைவேட்' அது. இதைத் தமிழாக்கும்போதுதான் கூத்து. 'தனியார் பாதுகாப்பு உரிமை' என்று படித்தால் ஏ.டி.எம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்தான் நினைவுக்கு வருவார். 'தனிப்பட்ட தற்காப்பு உரிமை' பிழையில்லை, ஆனால் 'தனி'யும் 'தன்'னும் சேர்ந்து அந்தச் சுருக்கத்தை இன்னும் இறுக்குகின்றன. 'சுயபாதுகாப்பு' கதவைப் பூட்டுவதற்கும் தலைக்கவசம் போடுவதற்கும் பொருந்தும். ஓங்கிய கையைத் தடுத்து அடிப்பதற்குப் பொருந்தாது. 'தற்காப்புரிமை' என்று ஒட்டி எழுதினால் கண்டுபிடிப்புகளுக்கு வாங்கும் காப்புரிமை இடையில் எட்டிப்பார்க்கும். ஆகவே 'தற்காப்பு உரிமை' என்று பிரித்து எழுதுவதே நல்லது. மனுவில் எழுதும்போது யாரை, எதைக் காக்க என்பதைத் தனியே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 'டிபென்ஸ்' என்றால் குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பு என்றும் பொருள். அந்த இடத்தில் தற்காப்பு என்று எழுதுவது தவறு. 'தற்காப்பு வழக்கறிஞர்', 'தற்காப்பு சாட்சி' எல்லாம் அகராதியைப் பார்த்துப் பெயர்த்ததால் வந்த வினை. எதிரி தரப்பு வழக்கறிஞர், எதிர்தரப்பு சாட்சி என்பவைதான் புழக்கம். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவரை '1ஆம் எதிரி' என்றுதான் குறிக்கிறார்கள். தாக்க வந்தவனைத் தடுத்தவர் தாளில் 'எதிரி'யாகவும், தாக்க வந்தவன் 'காயம்பட்ட சாட்சி'யாகவும் ஆகிவிடுவதைப் பார்க்கும்போது, சொல்லே பாதித் தீர்ப்பை எழுதிவிட்டதோ என்று தோன்றும். குற்றம் சாட்டப்பட்டவர் என்பது நீளம்தான், ஆனால் நேர்மையான சொல்.

உரிமைக்கு என்ன எல்லை? பாரதிய நியாய சன்ஹிதாவின் 37ஆம் பிரிவு முக்கியமாக இரண்டு பூட்டுகளைப் போடுகிறது. காவல்துறை போன்ற அரசு அமைப்பின் உதவியை நாட நேரம் இருந்தால் உரிமை இல்லை. காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. நேரம் இருந்தால் என்பதை ஓட வழி இருந்தால் என்று சிலர் படிக்கிறார்கள். அது தவறு. ஆபத்து கண்முன் நிற்கும்போது முதுகைக் காட்டி ஓடவேண்டும் என்று இந்தியச் சட்டம் கேட்பதில்லை.

உயிர் போகும் அளவுக்குத் திருப்பித் தாக்கலாம் என்பது 38ஆம் பிரிவில் சொன்ன ஏழு நிலைகளில் மட்டும்: மரணம் நேரும் என்ற நியாயமான அச்சம், கொடுங்காயம் ஏற்படும் என்ற அச்சம், பாலியல் வன்கொடுமை, இயற்கைக்கு மாறான இச்சைக்காகத் தாக்குதல், ஆட்கடத்தல், அதிகாரிகளின் உதவியை நாட முடியாதபடி அடைத்துவைக்கும் நோக்கம், அமிலம் வீச்சு. கடைசியது 2013இல் சேர்ந்தது. சொத்துக்காக என்றால் வட்டம் இன்னும் சிறிது: கொள்ளை, சூரியன் மறைந்த பின் உதிக்கும் முன் வீட்டை உடைத்து நுழைதல், வீட்டுக்குத் தீ அல்லது வெடிபொருள் வைத்தல், உயிருக்கோ உடலுக்கோ பெரும் அச்சம் தரும் வகையில் நடக்கும் திருட்டு அல்லது அத்துமீறல். மாங்காய் பறித்தவனைச் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று சொல்ல முடியாது.

இப்போது அவிழ்க்கும் நேரத்துக்கு வருவோம். வரப்புத் தகராறு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வயல்காரர் மண்வெட்டியோடு வரப்பைத் தாண்டி வந்து தலையை நோக்கி ஓங்குகிறார். இவர் மண்வெட்டிப் பிடியைப் பிடித்து முறுக்கிப் பறித்து, அதே பிடியால் தோளில் ஒரு அடி கொடுக்கிறார். வந்தவர் சரிகிறார். இதுவரை காப்பு கட்டியிருக்கிறது. வந்தவர் எழுந்து ஓட, இவர் விரட்டிப்போய் மோட்டார் அறைக்குப் பின்னால் அவர் பின்தலையில் இரண்டு அடி போடுகிறார். அந்த இரண்டு அடியும் தற்காப்பு அல்ல, பதிலடி. அவர் கையில் ஆயுதமும் இல்லை, ஓடிக்கொண்டும் இருக்கிறார். நியாயமான அச்சம் தீர்ந்த நொடியில் உரிமையும் தீர்ந்தது. புலனாய்வு அதிகாரி சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரிலும் மாதிரி வரைபடத்திலும் ரத்தக்கறை எங்கே இருந்தது என்பது இங்கே வழக்கின் உயிர்நாடி. வரப்பில் இருந்தால் ஒரு கதை, மோட்டார் அறைக்குப் பின்னால் இருந்தால் வேறு கதை. அவர் இறந்துபோயிருந்தால், பிரேதப் பரிசோதனை அறிக்கையில் காயம் முன்பக்கமா பின்பக்கமா என்பதும் அப்படித்தான்.

அதே நேரம், எத்தனை அடி என்று எண்ணித் தீர்ப்புச் சொல்வதும் முறையல்ல. உயிர் பயத்தில் இருப்பவன் அடியைத் தங்கத் தராசில் நிறுத்துக் கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. நல்லெண்ணத்தோடு தொடங்கி, முன்திட்டம் இல்லாமல், தேவைக்கு மேல் தீங்கு செய்யும் நோக்கமும் இல்லாமல் எல்லை மீறிவிட்டால் அது கொலை ஆகாது. 101ஆம் பிரிவின் இரண்டாம் விதிவிலக்குப்படி கொலையாகாத மரணம் விளைவித்தல் ஆகும். தண்டனை, கொலைக்கான 103க்குப் பதில் 105ஆம் பிரிவில் வரும். இருதரப்பும் ஆளும் ஆயுதமுமாக மோதத் தயாராகவே வந்த கைகலப்பில் மட்டும் எவருக்கும் இந்த உரிமை கிடைக்காது. சண்டையைத் தொடங்கிவைத்தவருக்கும் பொதுவாக இல்லை.

நடைமுறையில் இந்த வாதம் கெட்டுப்போவது முதல் நாளிலேயே. காயத்தோடு அரசு மருத்துவமனைக்குப் போகிறவர் வம்பு வேண்டாம் என்று 'கீழே விழுந்துட்டேன்' என்கிறார். மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதுகிறார். ஆறு மாதம் கழித்து அதே தாள்தான் நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக நிற்கும். எத்தனை பேர், என்ன ஆயுதம், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்ற நான்கும் அந்தப் பதிவில் ஏறவேண்டும். சிறு சிராய்ப்பாக இருந்தாலும் காட்டவேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் உடம்பில் உள்ள காயத்துக்கு அரசு தரப்பு விளக்கம் தராவிட்டால், சம்பவத்தின் தொடக்கத்தை மறைக்கிறார்கள் என்று நீதிமன்றம் கருத இடமுண்டு. 1976இல் லக்ஷ்மி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. ஆனால் சின்னக் கீறலுக்கெல்லாம் விளக்கம் தேவையில்லை என்பதும் அதே தீர்ப்பில் உண்டு.

அடுத்தது புகார். தாக்கப்பட்டவரும் தனியாகப் புகார் கொடுக்கவேண்டும்; 'அவங்க கேஸ் போட்டுட்டாங்க, நாம கோர்ட்ல பாத்துக்கலாம்' என்று விடக்கூடாது. காவல் நிலையத்தில் வாங்க மறுத்தால் பி.என்.எஸ்.எஸ். எனப்படும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(4)இன்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவஞ்சலில் அனுப்பலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் குற்றவியல் நடுவரிடம் போகலாம். ஒரே சம்பவத்துக்கு இரண்டு புகார் வந்தால் நம் ஊரில் 'கவுண்டர் கேஸ்' என்கிறோம். தமிழ்நாடு காவல் நிலை ஆணை 566 இதற்கென்றே இருக்கிறது: இரண்டு புகாரையும் ஒருசேர விசாரித்து, யார் முதலில் தாக்கியது என்று முடிவு செய்யவேண்டும். இரண்டு வழக்கும் நீதிமன்றத்துக்குப் போனால், ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரித்து இரண்டுக்கும் தனித்தனியாகத் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்று 1990இல் நத்தி லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. வழக்குகள் வேறு வேறு நீதிமன்றத்தில் கிடந்தால், ஒன்றாக மாற்றக் கோரி மனுப் போட மறக்கக்கூடாது.

கைதானால்: காரணத்தைச் சொல்லவேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தவேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்து அதன் நகலைக் கைதானவருக்குக் கொடுக்கவேண்டும். நடுவர் 'உடம்பில் காயம் இருக்கா?' என்று கேட்கும்போது சண்டையில் பட்டதையும் காட்டவேண்டும். அந்தக் கேள்வி போலீஸ் அடித்ததைப் பற்றி மட்டும்தான் என்று நினைத்துப் பலர் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

விசாரணையில் மெய்ப்பிக்கும் சுமை எவ்வளவு? பி.எஸ்.ஏ. எனப்படும் புதிய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு தற்காப்பைக் காட்டும் பொறுப்பைக் குற்றம் சாட்டப்பட்டவர் மேல் வைக்கிறது. ஆனால் அரசு தரப்பைப்போல் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். தனியாகச் சாட்சி ஏற்றவேண்டும் என்பதும் இல்லை. அரசு தரப்பு சாட்சிகளின் வாயிலிருந்தே குறுக்கு விசாரணையில் வரவைக்கலாம். எதிரி தரப்பு இந்த வாதத்தை எடுக்காவிட்டாலும், சாட்சியத்தில் அது தெரிந்தால் நீதிமன்றம் தானே கணக்கில் எடுக்கலாம் என்று 1968இல் முன்ஷி ராம் வழக்கு சொல்கிறது. இந்தத் தீர்ப்பை நம்பி 'அங்கே நான் இல்லவே இல்லை' என்றும், 'இருந்தேன், தற்காப்புக்காக அடித்தேன்' என்றும் இரண்டு படகில் கால் வைப்பவர்கள் உண்டு. சட்டம் தடுக்கவில்லை, ஆனால் நீதிபதி எதையும் நம்பாமல் போய்விடுவார்.

கடைசி வாய்ப்பு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313, இப்போதைய பி.என்.எஸ்.எஸ். 351ஆம் பிரிவின்படி கேட்கும் கேள்வி. சாட்சியம் முடிந்ததும் நீதிபதி ஒவ்வொரு பாதகமான செய்தியையும் சொல்லி 'என்ன சொல்கிறீர்கள்?' என்பார். வழக்கமாக வரும் பதில் 'பொய் சாட்சி, பொய் சாட்சி' என்று வரிசையாகப் போகும். தற்காப்பு வாதம் அங்கேயே செத்துவிடும். அரிவாளை யார் கொண்டுவந்தது, ஓங்கியபோது தனக்கும் அவருக்கும் எத்தனை அடி தூரம், பின்னால் சுவரா வாய்க்காலா, எதைக் கொண்டு தடுத்தேன், அவர் விழுந்த பிறகு நான் என்ன செய்தேன் என்று ஒரு பக்க அளவில் எழுதிக்கொண்டுபோய் எழுத்துமூல வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய நீதிபதியிடம் அனுமதி கேட்கலாம். அந்தப் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு அதற்கு இடம் தருகிறது.