ஊழியர்களுக்கு மாதச் சந்தாவில் டாக்டர்: அமெரிக்காவில் 2026 முதல் மாறியிருக்கும் விதி

எட்டுப் பேர் வேலை பார்க்கும் ஒரு உணவகம் டல்லாஸில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாளிக்கு ஊழியர்களுக்கு மருத்துவ இன்சூரன்ஸ் கொடுக்க ஆசைதான். விலையை விசாரித்தால் தலை சுற்றுகிறது. அமெரிக்காவில் வேலை வழியாகக் கிடைக்கும் குடும்ப இன்சூரன்ஸின் ஆண்டுப் பிரீமியம் 2025-இல் சராசரியாக 27,000 டாலரைத் தொட்டுவிட்டது. பக்கத்துக் கிளினிக்கில் இருந்து ஒருவர் வந்து, "ஆளுக்கு மாதம் 80 டாலர் கட்டுங்கள், உங்கள் ஊழியர்கள் எப்போது வேண்டுமானாலும் எங்கள் டாக்டரைப் பார்க்கலாம்" என்கிறார். எட்டுப் பேருக்கு ஆண்டுக்கு 7,680 டாலர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

இதன் பெயர் டைரக்ட் பிரைமரி கேர். சுருக்கமாக டி.பி.சி. என்பார்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு பில்லே போடாத டாக்டர் என்று புரிந்துகொண்டால் போதும். கேபிள் டி.வி. சந்தா மாதிரிதான். எத்தனை முறை போனாலும் மாதத் தொகை ஒன்றே. காய்ச்சல், சர்க்கரை, ரத்த அழுத்தம், தோல் அரிப்பு, ஆண்டுப் பரிசோதனை எல்லாம் இதில் அடங்கும். பெரும்பாலான கிளினிக்குகளில் டாக்டருக்கு நேரடியாகவே போன் செய்யலாம், மெசேஜ் அனுப்பலாம். சாதாரண கிளினிக்கில் ஒரு டாக்டருக்கு 2,000 நோயாளிகளுக்கு மேல் இருப்பது சகஜம். இங்கே சில நூறு பேர்தான், அதனால் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கிறது.

ஆனால் இது இன்சூரன்ஸ் அல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். நெஞ்சுவலி என்று எமர்ஜென்ஸிக்கு ஓடினாலோ, குடல்வால் ஆபரேஷன் செய்தாலோ, புற்றுநோய்க்கு மருந்து ஏற்றினாலோ இந்தச் சந்தா ஒரு பைசா தராது. பல மாநிலச் சட்டங்களே டி.பி.சி. இன்சூரன்ஸ் ஆகாது என்று எழுதிவைத்திருக்கின்றன. அது கிளினிக்குக்கு வசதி, ஏனென்றால் இன்சூரன்ஸ் கட்டுப்பாடுகள் அதன் மேல் பாயாது. முதலாளிக்கு அதுவே எச்சரிக்கை. ஆகவே சந்தாவோடு பெரிய செலவுகளுக்கு ஒரு இன்சூரன்ஸும் வேண்டும். டிடக்டபிள் (இன்சூரன்ஸ் பணம் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகை) அதிகமாக இருந்து பிரீமியம் குறைவாக இருக்கும் திட்டம் இதற்குப் பொருத்தம்: சின்ன வைத்தியத்துக்குச் சந்தா, பெரிய வைத்தியத்துக்கு இன்சூரன்ஸ்.

இத்தனை நாளாக இந்த ஜோடிக்குக் குறுக்கே நின்றது வரிச் சட்டம். டிடக்டபிள் அதிகமான திட்டம் வைத்திருப்பவர்கள் எச்.எஸ்.ஏ. என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் பணம் போடலாம். போடும்போது வரி இல்லை, வளரும்போது வரி இல்லை, மருத்துவத்துக்கு எடுக்கும்போதும் வரி இல்லை. 2003-இல் வந்த சட்டம் இது. நிபந்தனை என்னவென்றால், டிடக்டபிளைத் தாண்டும் முன்பே செலவை ஏற்கும் வேறு மருத்துவக் காப்பு எதுவும் உங்களுக்கு இருக்கக் கூடாது. டி.பி.சி. சந்தாவையும் அப்படிப்பட்ட ஒரு காப்பாகவே வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். பார்த்தது. முதலாளி நல்ல மனதோடு சந்தா கட்டிக் கொடுத்தால், ஊழியர் எச்.எஸ்.ஏ.வில் பணம் போடும் தகுதியை இழப்பார். நல்லது செய்யப் போய் வம்பில் மாட்டிய கதை.

2025 ஜூலை 4-இல் கையெழுத்தான பெரிய வரிச் சட்டம் இந்த முடிச்சை அவிழ்த்தது. 2026 ஜனவரி 1 முதல், டி.பி.சி. சந்தா இருந்தாலும் எச்.எஸ்.ஏ.வில் பணம் போடலாம். சந்தாவை எச்.எஸ்.ஏ. பணத்திலிருந்தே கட்டவும் செய்யலாம். வரம்பு உண்டு: ஒருவருக்கான சந்தா மாதம் 150 டாலர், ஒன்றுக்கு மேற்பட்டோரைச் சேர்த்துக் கொள்ளும் சந்தா 300 டாலர். விலைவாசியோடு இந்த வரம்பு பின்னால் உயரும். ஒருவர் இரண்டு கிளினிக்கில் சந்தா வைத்திருந்தால் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள்.

இந்த 150-ஐ வருமான வரி அடுக்கு போல நினைத்துவிடாதீர்கள். சந்தா 160 டாலர் என்றால் மிஞ்சிய 10 டாலருக்கு மட்டும் சிக்கல் என்று ஆகாது. அந்த மாதத்துக்கான எச்.எஸ்.ஏ. தகுதியே போய்விடும். தெரியாமல் போட்ட பணத்தை நேரத்தோடு திருப்பி எடுக்காவிட்டால் ஆண்டுதோறும் 6% தண்ட வரி.

தொகை சரியாக இருந்தாலும் ஒப்பந்தத்தின் உள்ளடக்கம் பொருந்த வேண்டும். சந்தாவில் அடங்கும் சிகிச்சைக்கு டாக்டர் வாங்கும் ஒரே கட்டணம் மாறாத சந்தாவாக இருக்க வேண்டும். சந்தாவையும் வாங்கிக்கொண்டு ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் 20 டாலர் கேட்கும் கிளினிக் இதில் தேறாது. பொது மயக்க மருந்து தேவைப்படும் சிகிச்சையும், தடுப்பூசி தவிர்த்த பிரிஸ்கிரிப்ஷன் மருந்துகளும், சாதாரணக் கிளினிக்கில் வழக்கமாகச் செய்யாத லேப் பரிசோதனைகளும் சந்தாவுக்குள் அடங்கக் கூடாது. "மருந்தும் சேர்த்து ஒரே விலை" என்று விளம்பரம் பார்த்தால் அங்கேயே கொஞ்சம் நிதானியுங்கள்.

பணம் யார் கையிலிருந்து போகிறது?

முதலாளிகள் அதிகம் குழம்புவது இங்கேதான். முதலாளியே கிளினிக்குக்கு நேராகக் கட்டினால், அது பொதுவாக ஊழியரின் வருமானத்தில் சேராது. அப்படிக் கட்டிய சந்தாவை ஊழியர் மறுபடி தன் எச்.எஸ்.ஏ.வில் காட்டிப் பணம் எடுக்க முடியாது. சம்பளத்தில் வரிக்கு முன்பே பிடித்தம் செய்து கட்டினாலும் அதே கதைதான். ஒரே செலவுக்கு இரண்டு முறை வரிவிலக்கு கிடையாது.

இன்னொரு வழி, முதலாளி ஊழியரின் எச்.எஸ்.ஏ.வில் பணம் போட்டுவிடுவது. ஊழியர் விரும்பினால் அதிலிருந்து சந்தா கட்டலாம், இல்லாவிட்டால் சேர்த்து வைக்கலாம். எனக்கு இந்த வழிதான் பிடிக்கிறது. எல்லோரையும் ஒரே டாக்டரிடம் தள்ளிவிட வேண்டியதில்லை, வேலையை விட்டாலும் கணக்கு ஊழியருடையதே. முதலாளி போடுவதும் சேர்த்து 2026-க்கான உச்சவரம்பு தனிநபருக்கு 4,400 டாலர், குடும்பத்துக்கு 8,750 டாலர்.

இன்சூரன்ஸே தர முடியாத சின்னக் கடை முதலாளிக்கும் இதில் ஒரு வாசல் இருக்கிறது. ஒபாமா கேர் எனப்படும் சட்டத்தின் கீழ் அரசு நடத்தும் இன்சூரன்ஸ் சந்தையில் ஊழியர் தானே வாங்கும், பிரீமியம் குறைந்த வெண்கல ரகத் திட்டங்கள் 2026 முதல் எச்.எஸ்.ஏ.வுக்கு ஏற்றவையாகக் கருதப்படுகின்றன. முன்பு அவற்றில் பலவற்றுக்கு அந்தத் தகுதி இல்லை. ஆகவே அப்படி வாங்கிய ஊழியரின் எச்.எஸ்.ஏ.வில் முதலாளி பணம் போடலாம்.

சந்தா மட்டும் போதுமா?

பகுதிநேர ஊழியர்களையும் முழுநேரக் கணக்குக்கு மாற்றிக் கூட்டினால் 50 பேர் அல்லது அதற்கு மேல் வருகிறார்கள் என்றால் போதாது. வாரம் 30 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்குச் சட்டப்படி இன்சூரன்ஸ் கொடுத்தாக வேண்டும். டி.பி.சி. சந்தாவை மட்டும் காட்டி அபராதத்திலிருந்து தப்ப முடியாது. 50-க்குக் கீழே என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் முதலாளி பணம் கட்டும் மருத்துவச் சலுகையை பெரும்பாலும் குழு மருத்துவத் திட்டமாகவே சட்டம் பார்க்கும். அப்படிப் பார்த்தால் எழுத்துப்பூர்வமான திட்ட ஆவணம் வேண்டும். 20 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால், வேலையை விட்டவருக்கும் சலுகையைத் தொடரும் வாய்ப்பைத் தர வேண்டிவரும். எஸ் கார்ப்பரேஷனில் (லாபத்துக்கான வரியைப் பங்குதாரர்களே தங்கள் கணக்கில் கட்டும் கம்பெனி வகை) 2 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கும் முதலாளிக்கோ வரிக் கணக்கு தனி. கையெழுத்துப் போடும் முன் உங்கள் சி.பி.ஏ.விடம், அதாவது ஆடிட்டரிடம், ஒரு மணி நேரம் உட்காருங்கள், அந்தச் செலவு வீண் போகாது.

சரி, இதனால் காசு மிச்சமாகுமா? கிளினிக் விற்பனையாளர் ஆமாம் என்றுதான் சொல்வார். மில்லிமன் நிறுவனத்தின் கணக்கீட்டு வல்லுநர்கள் 2020-இல் ஒரு முதலாளியின் தரவை எடுத்து அலசினார்கள். டி.பி.சி.யைத் தேர்ந்தெடுத்தவர்கள் எமர்ஜென்ஸிக்குப் போவது ஏறத்தாழ 40% குறைந்திருந்தது. மொத்த மருத்துவப் பயன்பாடும் 12 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. ஆனால் சந்தாத் தொகையையும் சேர்த்துப் பார்த்தபோது முதலாளியின் மொத்தச் செலவு குறையவில்லை. டி.பி.சி.யைத் தேர்ந்தெடுத்தவர்கள் முதலிலேயே கொஞ்சம் ஆரோக்கியமானவர்கள் என்பதையும் அந்த வல்லுநர்களே கணக்கில் கழித்துக் காட்டினார்கள். ஆகவே பணம் மிச்சம் என்று நம்பி இறங்காதீர்கள். ஊழியர் ஒரு டாக்டரை நாளைக்கே பார்க்க முடிவது உங்களுக்கு முக்கியம் என்றால் இறங்குங்கள்.

நம்மவர்கள் அதிகம் வாழும் கலிபோர்னியா, நியூ ஜெர்சி இரண்டுக்கும் ஒரு தனிக் குறிப்பு. இந்த இரண்டு மாநிலங்களும் தங்கள் மாநில வருமான வரியில் எச்.எஸ்.ஏ.வை ஏற்பதில்லை. மத்திய அரசின் வரியில் விலக்குக் கிடைக்கும், மாநில வரியில் கிடைக்காது. நியூ ஜெர்சியின் எடிசனில் கடை வைத்திருப்பவரும் டெக்சஸின் பிளானோவில் கடை வைத்திருப்பவரும் ஒரே கணக்கைப் போட முடியாது. அப்புறம், எச்1பி விசாவில் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களின் எச்.எஸ்.ஏ. பணம் எங்கும் போகாது. சென்னையில் செய்துகொள்ளும் சிகிச்சைக்கும் அதிலிருந்து எடுக்கலாம், ரசீது மட்டும் பத்திரமாக இருக்க வேண்டும். டி.பி.சி. சந்தாவையோ கிளம்பும் மாதத்தோடு மறக்காமல் நிறுத்திவிடுங்கள். எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா எனச் சேரும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.